டஞ்சனெஸ் நண்டு: உப்புத் தண்ணீரும் வெண்ணெயும் போதும்

டஞ்சனெஸ் நண்டு வாங்கலாமா, வாங்கினால் எப்படிச் சமைப்பது? சான்பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கும் நம்மவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கேட்கிற கேள்வி இது, அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டஞ்சனெஸ் நண்டு வாங்கத்தான் வேண்டும், உயிரோடுதான் வாங்க வேண்டும், வாங்கிய அன்றைக்கே நல்ல உப்புத் தண்ணீரில் அவித்து, உருக்கிய வெண்ணெயும் எலுமிச்சையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட வேண்டும். மசாலாவில் போட வேண்டாம். குழம்பும் வேண்டாம், மிளகு வறுவலும் வேண்டாம், முதல் நண்டுக்காவது வேண்டாம்.

இதைச் சொன்னால் பல வீடுகளில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நண்டு என்றாலே நமக்குச் சின்ன வெங்காயம், சோம்பு, தேங்காய், மிளகு எல்லாம் சேர்ந்து வதங்குகிற வாசனைதான் நினைவுக்கு வருகிறது, அதில் தப்பே இல்லை. நம் ஊர் நீலக்கால் நண்டு சிறியது, சதை ஓட்டுக்குள் சின்னச் சின்ன அறைகளில் ஒளிந்திருக்கும், அதைக் கடித்து உறிஞ்சும்போது குழம்பும் சதையும் ஒன்றாக வாய்க்கு வரும், அதற்கு மசாலா பொருத்தம். டஞ்சனெஸ் வேறு. அலாஸ்காவில் தொடங்கி கலிஃபோர்னியாவின் நடுப்பகுதிக்குக் கீழே வரை பசிபிக் கரையோரக் குளிர்ந்த தண்ணீரில் வாழ்கிற நண்டு இது. வாஷிங்டன் மாநிலத்தில் டஞ்சனெஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது, பெயர் அங்கிருந்து வந்தது. ஒரு நண்டு சுமார் 2 பவுண்டு, சில சமயம் 3 பவுண்டுகூட வரும். காலைப் பிளந்தால் சதை உடையாமல் ஒரே துண்டாக உருவி வரும், அதில் இயற்கையாகவே ஒரு தித்திப்பு இருக்கும், மிளகாய்த்தூள் பட்டால் முதலில் காணாமல் போவது அந்தத் தித்திப்புதான். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிக் கடைசியில் மசாலா ருசியைத்தான் சாப்பிடப்போகிறோம் என்றால், விலை குறைவான உறைந்த நீல நண்டையே வாங்கிக் குழம்பு வைத்துவிடலாம், அது இன்னும் நன்றாகவே இருக்கும்.

சரி, எங்கே வாங்குவது.

என் கணக்கில் முதல் இடம் ஹாஃப் மூன் பே பக்கத்தில் இருக்கும் பில்லர் பாயிண்ட் துறைமுகத்துக்குத்தான். சீசன் திறந்ததும் படகுக்காரர்களே அங்கே படகில் வைத்து விற்பார்கள், கேட்டால் எங்கே கூண்டு போட்டார்கள், எப்போது தூக்கினார்கள் என்று சொல்வார்கள், முந்தைய நாள் கடலில் இருந்த நண்டு உங்கள் கைக்கு வரும். விலை படகுக்குப் படகு மாறும், அதனால் முதல் படகிலேயே வாங்கிவிடாமல் கடைசிவரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். ரொக்கம் எடுத்துக்கொண்டு போங்கள். மூடி போட்ட ஐஸ் பெட்டியும் வேண்டும், ஆனால் நண்டு ஐஸ் உருகிய தண்ணீரில் கிடக்கக் கூடாது. நல்ல தண்ணீர் அதைக் கொன்றுவிடும். ஐஸ் பையைக் கீழே வைத்து, மேலே நனைத்த செய்தித்தாள் விரித்து, அதன்மேல் நண்டை வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்தே வைத்துக்கொண்டு வீடு வந்து சேர வேண்டும். குளியல் தொட்டியில் குழாய்த் தண்ணீர் நிரப்பி அதில் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது, சீன, வியட்நாமியக் கடைகளில் இருக்கும் தொட்டி. வசதி என்று பார்த்தால் இதுதான், பக்கத்திலேயே இருக்கிறது, கேட்டால் அவர்களே சுத்தம் செய்தும் தருவார்கள். ஆனால் தொட்டியில் நாள் கணக்கில் இரை இல்லாமல் கிடந்த நண்டு உள்ளுக்குள் வற்றிப்போயிருக்கும். வெளியே பார்த்தால் பெரிய உருவம், பிளந்தால் காலுக்குள் பாதி வெறும் தண்ணீர். ஆகவே எந்த நாளில் புதுச் சரக்கு வருகிறது என்று கடைக்காரரிடமே கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்குப் போங்கள். எடைக்கு எடை கையில் தூக்கிப் பார்க்க வேண்டும், ஒரே அளவில் இரண்டு இருந்தால் கனமானதை எடுங்கள். தூக்கியதும் கால்களை உதற வேண்டும், தொங்கவிடக் கூடாது. கால் ஓட்டின் அகலமான பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் அண்மையில் தோல் உரித்த நண்டு, சதை கொழகொழவென்று இருக்கும், வைத்துவிடுங்கள். கொடுக்கின் நுனி வெள்ளையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கறுப்பு நுனி என்றால் அது ராக் நண்டு, கொடுக்குச் சதை மட்டும் தேறும், டஞ்சனெஸ் விலைக்கு அதை வாங்கக் கூடாது.

மூன்றாவது, ஏற்கெனவே அவித்து வைத்திருப்பது. காஸ்ட்கோவில் சீசனில் முழு நண்டு அவித்தே கிடைக்கிறது, பெரிய கூட்டத்துக்குச் சாப்பாடு போட வேண்டும், வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரம் இல்லை என்றால் அது பரவாயில்லை. ஆனால் எல்லாக் கடையிலும் அப்படி நம்ப முடியாது. இங்கே ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டில், பெயர் வேண்டாம், ஐஸ் மேல் பரப்பி "புதிது" என்று எழுதி வைத்திருந்த நண்டை வாங்கி வந்து பிளந்தால் சதை ஓட்டோடு ஒட்டிக்கொண்டு நாராகக் கிழிந்தது, ஒவ்வொரு காலிலிருந்தும் உப்புத் தண்ணீர் சொட்டியது. உறைய வைத்து இளக்கிய சரக்கு என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. விலை என்னவோ உயிருள்ள நண்டின் விலை. அவித்ததுதான் வேண்டும் என்றால் இது உறைய வைத்ததா என்று நேராகக் கேட்டுவிட்டு, மூட்டுப் பக்கம் மோந்து பார்த்து வாங்குங்கள். கடல் வாசனை இருக்கலாம், அமோனியா வாடை வந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

நம்மில் நிறையப் பேருக்கு ஒரு ஏமாற்றம் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். சினை நண்டு கிடைக்காது. கலிஃபோர்னியா, ஆரெகன், வாஷிங்டன் மூன்று மாநிலங்களிலும் வணிகத்துக்குப் பிடிப்பவர்கள் பெண் நண்டைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும், ஆண் நண்டும் ஓட்டின் குறுக்கே 6.25 அங்குலம் இருந்தால்தான் எடுக்கலாம். அந்த அளவுக்கு வளர்வதற்குள் ஆண் நண்டு ஒருமுறையாவது இனப்பெருக்கம் செய்திருக்கும் என்பதுதான் கணக்கு. இந்த விதியை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு வருவதால்தான் இத்தனை வருட மீன்பிடிப்புக்குப் பிறகும் நண்டு வந்துகொண்டே இருக்கிறது என்று நினைக்கும்போது, சினைக்கு ஆசைப்படுவதை நான் விட்டுவிட்டேன், மனதார விட்டுவிட்டேன்.

எப்போது வாங்குவது என்பதுதான் இப்போது குழப்பமாகிவிட்டது. இந்தப் பகுதியில் வணிக சீசன் வழக்கப்படி நவம்பர் 15 அன்று திறக்கும், நன்றி நவிலல் நாளுக்கு வான்கோழியோடு நண்டும் மேசையில் இருக்கும், சான்பிரான்சிஸ்கோக்காரர்களுக்கு அது பல தலைமுறைப் பழக்கம். சில வருடங்களாக அது நடப்பதில்லை. கூண்டிலிருந்து மிதவைக்குப் போகும் கயிற்றில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் சிக்கிக்கொள்கின்றன, அதனால் அவை தெற்கே கிளம்பிப் போகும்வரை திறப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள், ஜனவரிகூட ஆகிவிடுகிறது. மீனவர்களுக்குப் பெரிய அடி இது, பண்டிகைக் காலத்து விலை அவர்களுக்குப் போய்விடுகிறது. சாப்பிடுகிற நமக்கு ஒன்றும் நட்டமில்லை என்பேன், ஏனென்றால் தோல் உரித்த பிறகு நண்டுக்குள் சதை நிறைவதற்கு நேரம் வேண்டும், ஜனவரி நண்டு பெரும்பாலும் நன்றாக நிறைந்திருக்கிறது. வட கலிஃபோர்னியாவில் சீசன் திறப்பதற்கு முன் நண்டைப் பிடித்து அவித்து எடை போட்டே பார்க்கிறார்கள், மொத்த எடையில் 25 சதவீதம் சதை தேறாவிட்டால் தேதி தள்ளிப்போகும். வாங்கும்போது நீங்களும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்: 2 பவுண்டு நண்டில் அரை பவுண்டு சதை. ஆளுக்கு ஒரு நண்டு. அதற்குக் குறைத்தால் பற்றாது.

இனி அவிக்கிற விஷயம், இதில்தான் எல்லாம் இருக்கிறது.

இரண்டு நண்டுக்கு 12 லிட்டராவது பிடிக்கும் பாத்திரம் வேண்டும், விசேஷத்துக்குச் சோறு வடிக்கும் குண்டான் இருந்தால் அருமை. 8 லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ கல் உப்பு. கைநடுங்க வேண்டாம், கடல் நீரின் உப்பு அளவுக்குக் கொஞ்சம் கீழேதான் அது, உப்பு குறைந்தால் சதையிலிருந்து ருசி தண்ணீருக்குப் போய்விடும். மஞ்சள், பிரிஞ்சி இலை, மிளகு எதுவும் போட வேண்டாம். தண்ணீர் சூடாகிற நேரத்தில் நண்டை ஃப்ரீசரில் 15, 20 நிமிடம் வைத்துவிடுங்கள், மரத்துப்போய் அசையாமல் இருக்கும், அதற்கும் நல்லது நமக்கும் நல்லது. பின்பக்கமிருந்து, கடைசிக் கால்களுக்கு நடுவே உடலைப் பிடித்தால் கொடுக்கு எட்டாது. தலைப்பக்கம் முதலில் போகும்படி, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் ஒவ்வொன்றாக இறக்குங்கள். கொதி அடங்கும், மறுபடி கொதி வந்ததிலிருந்துதான் நேரம் பார்க்க வேண்டும்: ஒன்றரை பவுண்டுக்கு 15 நிமிடம், 2 பவுண்டுக்கு 18, அதைவிடப் பெரியதற்கு 20 அல்லது கொஞ்சம் கூட. பழுப்பும் ஊதாவுமாக இருந்த ஓடு ஆரஞ்சுச் சிவப்புக்கு மாறுவது சில நிமிடங்களிலேயே நடந்துவிடும், அதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள், கடிகாரத்தை நம்புங்கள். எடுத்ததும் ஐஸ் போட்ட தண்ணீரில் ஒரு அரை நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். வேகுவது நிற்கும், சதை ஓட்டை விட்டுக் கழன்று கொடுக்கும். அதற்கு மேல் ஊறவிட்டால் சதைக்குள் தண்ணீர் ஏறிச் சப்பென்று ஆகிவிடும்.

ஆவியில் வேகவைக்கலாமா என்றால் தாராளமாக, இட்லிப் பானை பெரியதாக இருந்தால் ஒரு நண்டு உட்காரும், 20 நிமிடம் ஆகும். ருசி கொஞ்சம் அடர்த்தியாகவே இருக்கும். ஆனால் உப்பு உள்ளே போகாது, அதனால் உப்பு வெண்ணெய் வேண்டும். எனக்கு உப்புத் தண்ணீர்தான் பிடித்திருக்கிறது.

சுத்தம் செய்வது நம் ஊர் நண்டைப் போலத்தான், அளவு மட்டும் பெரிசு. கவிழ்த்துப் போட்டால் வயிற்றில் ஒரு முக்கோணப் பட்டை மடிந்திருக்கும், அதைத் தூக்கிப் பிய்த்து, அந்த இடத்தில் கட்டை விரலைக் கொடுத்து முதுகு ஓட்டை நெம்பினால் மொத்தமாகக் கழன்று வரும். இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் இறகிறகாக இருக்கும் செவுளைக் கிள்ளி எறியுங்கள். நடுவில் மஞ்சளும் பச்சையுமாகக் கிடக்கும் குழம்பு மாதிரியான பொருளைத்தான் இங்கே சிலர் ரொம்பவே விரும்புவார்கள், ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். நான் குழாயடியில் கழுவிவிடுகிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். கடலில் சில பாசிகள் பெருகும்போது டோமாயிக் அமிலம் என்ற நஞ்சு நண்டுக்குள் சேர்வது அந்த இடத்தில்தான், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. 2015இல் அந்த நஞ்சு அளவுக்கு மீறி ஏறி, நவம்பரில் திறக்க வேண்டிய சீசன் இந்தப் பக்கம் 2016 மார்ச் கடைசிவரை திறக்கவே இல்லை. இப்போது சோதித்துத்தான் திறக்கிறார்கள், ஆனாலும் முழு நண்டாக அவித்த தண்ணீரைக் குழம்புக்கோ சூப்புக்கோ எடுக்காமல் கொட்டிவிடுவதுதான் சரி. அதில்தான் ருசி இருக்கிறது என்று பத்திரப்படுத்துகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

உடலை நடுவில் இரண்டாக ஒடித்து, ஒவ்வொரு காலையும் அடிமூட்டோடு திருகி எடுத்தால் அந்த மூட்டிலேயே ஒரு உருண்டை சதை ஒட்டிக்கொண்டு வரும், நண்டிலேயே நல்ல வாய் அதுதான். காலையும் கொடுக்கையும் உடைக்கத் தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டாம், இஞ்சி தட்டுகிற குழவியே போதும், துண்டைத் துணியில் மூடி ஒவ்வொரு கணுவிலும் ஒரே ஒரு தட்டு, ஓடு விரிசல் விட வேண்டும், நொறுங்கக் கூடாது. நொறுங்கினால் சதைக்குள் சில்லு ஏறிவிடும். உள்ளேயிருந்து சதையைத் தோண்டுவதற்கு நண்டின் கால் நுனியையே எடுத்துக்கொள்ளுங்கள், கூராக, லேசாக வளைந்து, அந்த வேலைக்கென்றே செய்ததைப் போல இருக்கும், முள்கரண்டியைவிட நன்றாகப் போகும்.

பரிமாறுவதற்கு மேசை முழுக்கச் செய்தித்தாளை விரித்து, நடுவில் நண்டைக் குவித்து, ஓடு போட ஒரு பெரிய பாத்திரம், கை துடைக்கத் துணி, அவ்வளவுதான். வெண்ணெயைச் சின்னத் தீயில் உருக்கி மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு, ஒரு பல் பூண்டைத் தட்டிப் போட்டு ஆளுக்கு ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுங்கள். நெய் வேண்டாம். நெய் மணம் நல்ல மணம்தான், ஆனால் நண்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். எலுமிச்சையை நான்காக வெட்டி வையுங்கள். கூடவே இந்த ஊர்ப் புளித்தமாவு ரொட்டி, சவர்டோ, நன்றாக மொறுமொறுவென்று சுட்டது, வெண்ணெயைத் துடைத்துச் சாப்பிட அதுபோல் வேறு எதுவும் சேராது. சோறுதான் வேண்டும் என்கிறவர்களுக்கு வெறும் சூடான சோறு, சதையை உதிர்த்துப் போட்டு, அதே வெண்ணெய், கொஞ்சம் மிளகு. காரம் இல்லாமல் இறங்காது என்றால் பச்சை மிளகாயை உப்போடு நசுக்கி எலுமிச்சைச் சாறு விட்டு ஒரு ஓரமாக வைத்துவிடுங்கள், தொட்டுக்கொள்ளட்டும். வெதுவெதுப்பாகச் சாப்பிட்டாலும் குளிரவைத்துச் சாப்பிட்டாலும் நன்றாக இருக்கும், உண்மையில் ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் இருந்த நண்டில் தித்திப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். வெளியூரிலிருந்து யாராவது வந்திருந்தால் கடற்கரைச் சுற்றுலா உணவகங்களுக்குக் கூட்டிப்போவதைவிட இப்படி வீட்டில் போடுங்கள், அங்கே ஒரு நண்டுக்குக் கொடுக்கிற காசில் இங்கே இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம். வெளியேதான் சாப்பிட வேண்டுமென்றால் 1971இலிருந்து சான்பிரான்சிஸ்கோவில் நடக்கும் "தான் லாங்" (Thanh Long) என்ற வியட்நாமிய உணவகத்துக்குப் போங்கள், அவர்களுடைய வறுத்த நண்டும் பூண்டு நூடுல்ஸும் வீட்டில் செய்ய வராது.

டஞ்சனெஸ் கிடைக்காத இடங்களில், குறிப்பாக டொராண்டோ பக்கம் இருக்கிறவர்களுக்கு, கைக்கு எட்டுவது உறைந்த ஸ்னோ நண்டுக் கால்கள்தான், கனடாவின் அட்லாண்டிக் கடலிலிருந்தே வருகிறது. அதுவும் குளிர்கடல் நண்டுதான், சதை மெல்லிய நாராக, தித்திப்பாக இருக்கும். ஆனால் அதை அவிக்கக் கூடாது. பெட்டியில் வரும்போதே வெந்துதான் வருகிறது, பெரும்பாலும் உப்பு நீரில் உறைய வைத்திருப்பார்கள், மறுபடி உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டால் ரப்பராகவும் கரிப்பாகவும் ஆகிவிடும். முந்தின இரவே ஃப்ரிட்ஜில் இளகவைத்து, ஆவியில் 5 நிமிடம், சூடேறினால் போதும். எடையில் மேலே பூசியிருக்கும் பனியும் சேர்ந்திருக்கும் என்பதை மனதில் வைத்து வாங்குங்கள். அலாஸ்காப் பக்கத்து ஸ்னோ நண்டு 2018க்குப் பிறகு கடல் சூடேறியதில் கோடிக்கணக்கில் அழிந்து, 2022இல் அங்கே சீசனையே மூடினார்கள். குளிர்ந்த தண்ணீர் இல்லாவிட்டால் இந்த நண்டுகள் இல்லை, அவ்வளவுதான், பிளக்கும்போது எனக்கு அது ஞாபகத்தில் இருக்கிறது.

மிச்சம் இருக்கும் ஓட்டை எறிய வேண்டாம், மசாலாவுக்கு இடம் அங்கே இருக்கிறது. வாய் படாத ஓடுகள், அதாவது கழுவின முதுகு ஓடு, உடல் கூடு, சதை எடுத்த கணுக்கள், இவற்றை நன்றாக நொறுக்கி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வதக்குங்கள். மிளகு, சீரகம், பூண்டை இடித்துப் போட்டு, ஒரு தக்காளி, கொஞ்சமே புளித்தண்ணீர், அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு 25 நிமிடம் கொதிக்கட்டும். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், ஓட்டிலேயே ஏற்கெனவே உப்பு இருக்கும். ஓட்டுச் சில்லு பல்லில் படாமல் இருக்க மெல்லிய துணியில் வடிகட்டிக் கொத்தமல்லி தூவி இறக்குங்கள், ஒதுக்கி வைத்த சதை கொஞ்சம் இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள்.